பிறந்த வீட்டுக் கோடி

வேலையை விட்டுப் போகிற நர்சுகளைப் பிடித்து வைக்க எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் கண்டுபிடித்த முதல் வழி கேக். யாருக்காவது பிறந்த நாள் என்றால் மதியம் ஒரு கேக் வரும். எச்.ஆர். அதிகாரி கைதட்டுவார், போட்டோ எடுத்து வாட்சப் குரூப்பில் போடுவார். கேக் வெட்டிய வாரமே நின்றுபோன பிள்ளைகளும் உண்டு. பிறகு, 'இந்த மாதத்தின் சிறந்த செவிலியர்' என்று வரவேற்பறையில் படம் மாட்டினார்கள். படத்தில் இருந்தவள் துபாய்க்குப் போன பிறகும் படம் அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தது. கழற்றச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கு நான் இன்சார்ஜ் சிஸ்டர். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் எங்களிடம் வருவார்கள். கையில் இரண்டு ஊசி குத்தி, நான்கு மணி நேரம் மெஷினோடு இணைத்திருப்போம். ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, உடம்புக்குத் திரும்பும். சிறுநீர் பிரியாததால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி எடை ஏறும், அளந்துதான் குடிக்க வேண்டும். மற்ற வார்டுகளில் நோயாளி தேறினால் வீட்டுக்குப் போவார், நர்சுக்கும் ஒரு திருப்தி. எங்களுக்கு அது கிடையாது. வருகிறவர் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார். அவர் மகள் கல்யாணம், மருமகளோடு சண்டை, மில்லில் ஷிப்ட் மாறியது எல்லாம் எங்களுக்குத் தெரியும். மாமா, சித்தி, அக்கா என்று முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். சார், மேடம் என்று கூப்பிடச் சொல்லி எச்.ஆர். ஒரு வகுப்பு எடுத்தார். "என்னட்டி, எம்மேல கோவமா?" என்று நோயாளிகள் முகம் வாடிக் கேட்டதோடு அந்த வகுப்பு முடிந்தது. இப்படிப் பழகியிருக்கும்போது ஒரு நாள் நாற்காலி காலியாகக் கிடக்கும்.

காலியாகக் கிடந்தால் மற்றவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. "மதுரைக்கு எழுதிக் குடுத்திருக்கு" என்போம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். நான் வேலைக்குச் சேருமுன்பே இருந்த வழக்கம் இது. டியூபோடு கிடக்கிற மனிதரிடம் போய், உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் செத்துப்போனார் என்று எப்படிச் சொல்ல? மதுரைக்குப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. நோயாளி இறந்த வீட்டுக்கு ஸ்டாஃப் யாரும் போகக் கூடாது. ஒரு தடவை துக்கம் கேட்கப் போன ஆண் நர்சின் சட்டையைப் பிடித்து, "என்ன ஊசிலே போட்ட?" என்று குடித்திருந்த ஒருவன் உலுக்கி எடுத்துவிட்டான். அன்றிலிருந்து தடை. அந்தத் தடையை நான் கறாராகக் காப்பாற்றினேன். என் பிள்ளைகள் மேல் எவனும் கை வைக்கக் கூடாது, எனக்கு அதுதான் பெரிது.

என் பிள்ளைகளில் ஒருத்தி தளவாய்புரத்துக்காரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஊசி குத்துவதில் அவளுக்கு இருக்கும் கை இந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை என்பேன். "அந்தப் பிள்ள வரட்டும், பொறவு குத்திக்கிடுவோம்" என்று மற்ற நர்சுகளை நோயாளிகள் விரட்டிவிடுவார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இன்சார்ஜ் ஒருத்தி இப்படி வெளிப்படையாகச் சொல்லக் கூடாதுதான்.

அவளிடம் மட்டுமே கையை நீட்டுகிற ஒரு நோயாளி இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளைகள் இல்லை. கணவர் பால்கோவாக் கடை ஒன்றில் அடுப்படியில் நின்று பால் கிண்டுகிறவர். திங்களும் வியாழனும் அக்கா பஸ் ஏறி வரும்போது ஒரு பொட்டலம் பால்கோவா கொண்டுவருவார். சிறுநீரகம் போனவர்கள் அதைத் தொடக் கூடாது. "நீங்க தின்னுங்க, நான் பாக்கேன்" என்று சொல்லி, நாங்கள் தின்று முடிக்கும்வரை எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்த பிறகு ஒரு ஏப்பம் வேறு விடுவார்.

ஒரு நாள் பேச்சுவாக்கில், "எனக்குக் கோடி போடத்தான் ஆளில்லட்டி" என்றார். கல்யாணமான பெண் இறந்துபோனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை ஒன்று வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அக்காவுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி பட்டாளத்தில் இருந்தான், அங்கேயே செத்துப்போனான்.

"சும்மா கெடங்கக்கா, நான் போடுதேன்" என்றாள் தளவாய்புரத்துக்காரி, பிரஷர் பார்த்துக்கொண்டே. "என்ன கலரு வேணும்?"

"அரக்கு."

"ஜரிகை?"

"சின்னதா இருக்கட்டும். பெருசா இருந்தா எங்க வீட்டு மனுசன் உருவிட்டுப் போயி வித்துருவாரு."

வரிசையாக எல்லா நாற்காலியிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சாவைப் பற்றி இப்படிப் பேசிச் சிரிப்பது எங்கள் பிரிவில் ரொம்பச் சாதாரணம், வெளியாள் கேட்டால் முகம் சுளிப்பார்.

அந்த மழைக்காலத்தில் மூன்று பேர் அடுத்தடுத்து மதுரைக்குப் போனார்கள், எங்கள் கணக்கில். மூன்று பேருக்கும் அவள்தான் ஊசி குத்திக்கொண்டிருந்தவள். மூன்றாவது ஆள் போன மறுநாள் என்னிடம் வந்து, "நான் நின்னுக்கிடுதேன் சிஸ்டர். ஒரு மாசம் நோட்டீஸ்" என்றாள்.

"எங்க, துபாயா?"

"இல்ல. எங்க ஊர்ல நைட்டி தைக்கிற யூனிட்டுல ஆள் கேக்காக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு வருஷம் நர்சிங் படித்துவிட்டு நைட்டி தைக்கப் போகிறாளாம். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"துணி சாகாதுல்லா சிஸ்டர்" என்றாள்.

அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை. உட்கார வைத்துப் பேசினேன். அவள் அழவில்லை. கையில் இருந்த பிளாஸ்டரைப் பிய்த்துப் பிய்த்து உருட்டிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்குப் போனா, ஏன் உம்முனு இருக்கன்னு அம்மா கேக்கா. ஒருத்தர் செத்துட்டாகன்னு சொன்னா, 'ஆஸ்பத்திரின்னா தெனம் நடக்கதுதான'ம்பா. இங்க வந்தா மதுரைக்குப் போயிட்டாகன்னு சிரிச்ச மூஞ்சியாச் சொல்லணும். அவுக வீட்டுக்கும் போகக் கூடாது. நான் எங்க போயி அழுவேன், சொல்லுங்க."

சம்பளம் பற்றாது என்றால் நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்கலாம். நைட் டூட்டி வேண்டாம் என்றால் மாற்றிக் கொடுக்கலாம். அழ இடம் கேட்கிறவளுக்கு நான் எதைக் கொடுப்பது? "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டேன் என்றாள். அவள் கடைசி நாள் ஒரு புதன்கிழமை என்று முடிவானது. நோயாளிகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.

அந்தப் புதனுக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை காலையில் பிரிவுக்குப் போன் வந்தது. அக்காவின் கணவர்.

"சிஸ்டரம்மா, இன்னைக்கு அவ வர மாட்டா."

"ஏன், என்ன செய்யுது?"

"நேத்துச் சாயங்காலம் போயிட்டா. நீங்க மெஷினப் போட்டு வச்சுக்கிட்டுக் காத்துக் கெடப்பீகளேன்னுதான் போன் பண்ணேன். நாலு மணிக்கு எடுக்கோம்."

மனைவியைக் கூடத்தில் கிடத்திவிட்டு, எங்கள் மெஷின் வீணாகக் கூடாது என்று போன் செய்த மனிதர். தளவாய்புரத்துக்காரியை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். அக்காவுக்கென்று மெஷினில் டியூப் மாட்டித் தயாராக வைத்திருந்தாள். போய் அதைக் கழற்றிக் குப்பைப் பையில் போட்டாள், கையைக் கழுவினாள், அடுத்த நாற்காலிக்குப் போய், "என்ன மாமா, சாப்டீகளா?" என்றாள். முகத்தை இஸ்திரி போட்டதுபோல் வைத்திருந்தாள். இந்த வேலையில் நாங்கள் நன்றாகக் கற்றுக்கொள்வது அதைத்தான். அன்று அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்த மாமா சேத்தூர்க்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்து மாமா என்போம். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, "எங்க, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்காரியக் காணும்?" என்று கேட்டார். வழக்கமான பதிலைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா செத்துப்போயிட்டாக மாமா. நேத்து."

இத்தனை வருடத்தில் அந்த அறையில் போனவர் ஒருவரைப் பற்றி அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏதாவது நடந்துவிடும் என்று பயந்து நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். யாருக்கும் பிரஷர் ஏறவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த மில்லுக்கார அம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீ ஏன் இங்கன நிக்க?" என்றார் மாமா.

"டூட்டி மாமா."

"டூட்டி என்னட்டி டூட்டி. பொறந்த வீட்டுச் சேலை போடுதேன்னு நீ சொன்னத இந்தக் காதால கேட்டேன். அவ நம்பிக்கிட்டுப் போயிருப்பா." பிறகு தலையை என் பக்கம் திருப்பினார். "சிஸ்டரம்மா, இவள அனுப்புங்க."

"ரூல்ஸ் இருக்கு மாமா" என்றேன்.

"ரூல்ஸு எங்களுக்குந்தான் இருக்கு, தண்ணி குடிக்கக் கூடாதுன்னு. நாங்க குடிக்காமலா இருக்கோம்?"

அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், முடியாது என்று சொல்லிவிடுவது எளிது. கேட்காமல் அடுத்த ஆளுக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் இதையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் போகப் போகிறாள் என்று பட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"காலை ஷிப்டு முடியட்டும்" என்றேன். "ரெண்டு பேருமாப் போவோம். எவனாவது பிடிச்சு உலுக்குறதா இருந்தா என்னைய உலுக்கட்டும்."

எச்.ஆருக்குப் போன் செய்து இரண்டு பேருக்கும் அரை நாள் லீவு கேட்டேன், உறவில் ஒரு துக்கம் என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே உறவா சிஸ்டர்?"

"ஆமா."

"என்ன உறவு?"

"அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பஸ் ஏறுமுன் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நுழைந்தோம். கடைக்கார பாய் கல்யாணச் சேலைகளை எடுத்து விரிக்க ஆரம்பித்தார். "அரக்குல வேணும் பாய், ஜரிகை சின்னதா. பொறந்த வீட்டுக் கோடி" என்றாள். அவர் விரித்ததையெல்லாம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு உள்ளே போய் ஒன்று கொண்டுவந்தார். சொல்லி நெய்ததுபோல் இருந்தது. கடைப் பெயர் போட்ட பையில் போடாமல் வெள்ளைத் தாளில் சுற்றி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். எல்லோரிடமும் சொல்கிற 'போயிட்டு வாங்க'வை அன்று அவர் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் வீடு. வாசலில் சாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. உள்ளே பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பிள்ளைக?"

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நேராக அவரைப் பார்த்து, "ஆஸ்பத்திரில இருந்து வாரோம். அக்காவுக்குக் கோடி கொண்டாந்துருக்கோம்" என்றாள்.

"அது பொறந்த வீட்டுக்காரங்க போடுறதுல்லாம்மா. நீங்க எப்படிப் போட முடியும்?"

அவர் மிரட்டவில்லை. நியாயமாகத்தான் கேட்டார். அவள் சேலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பிப் போகச் சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை என்ன ஆவாள் என்பதுதான் என் யோசனையெல்லாம்.

உள்ளேயிருந்து அக்காவின் கணவர் வந்தார். முழங்கை வரை பால் தெறித்த பழைய சூட்டுத் தழும்புகள்.

"அண்ணாச்சி, விடுங்க" என்றார். "டயாலிசிஸுக்குக் கெளம்பையில அவ ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னதில்ல. 'பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வாரேன்'ம்பா. வெளாட்டுக்குச் சொல்லுதான்னு நானும் விட்டுட்டேன். தலை சீவி, பூ வச்சு, கையில பலகாரத்தோட போவா. ஆஸ்பத்திரிக்கு எவளாவது அப்படிப் போவாளா? இவியதான் அவ பொறந்த வீடு."

பெரியவர் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். "போம்மா, போய் நீயே போர்த்து."

அவள் மண்டியிட்டுச் சேலையை விரித்தாள். ஜரிகை ஓரம் மேலே வருகிற மாதிரி தோளிலிருந்து கால்வரை போர்த்தினாள். சரிசெய்யும்போது அக்காவின் இடது கை வெளியே தெரிந்தது. டயாலிசிஸ்காரர்களுக்குக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்திருப்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். அதிர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்போம். அவள் விரல்கள் தன்னாலே போய் அந்த இடத்தில் நின்றன. சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம்தான் "அக்கா" என்று ஒரு சத்தம் போட்டாள்.

சுற்றி இருந்த பெண்கள் அவளை இழுத்துத் தங்கள் தோளோடு சேர்த்துக்கொண்டார்கள். யார் என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் செருப்பு கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "நீயும் வாத்தா" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உட்கார்ந்ததும் எனக்கு உடைந்துவிட்டது. அக்காவுக்காக மட்டுமல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் மதுரைக்கு அனுப்பி வைத்த ஒவ்வொருவரும் முகம் முகமாக வந்தார்கள். முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன். அப்படி அழுது எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

எடுத்துப் போனவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு கிளம்பினோம். வாசலில் அக்காவின் கணவரைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில், "போயிட்டு வாரோம்ணே" என்று நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அவர் மட்டும் ஒன்றும் நினைக்காமல், "வாங்கம்மா" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள், "சிஸ்டர், எழவு வீட்டுல போயி..." என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் முன்னால் போய், பிறகு திரும்பி வந்தார். புதன்கிழமையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இன்று அவளை அழைத்துக்கொண்டு போனது அவளைப் பிடித்து வைக்கத்தான் என்று அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வது?

வியாழக்கிழமை அவள் பட்டாளத்து மாமாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அறை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. அடுத்த திங்கட்கிழமை வந்தபோது எல்லோரும் ஆளுக்கொரு யோசனையோடு வந்திருந்தார்கள்.

"எனக்குக் கொள்ளி வைக்க மகன்க ரெண்டு பேரு இருக்கானுக" என்றார் மாமா. "அழுறதுக்குத்தான் ஆளில்ல. ரெண்டு பயலுக்கும் கண்ணுல தண்ணியே வராது. நீ வந்துரணும்ட்டி."

"எனக்கு வாய்க்கரிசி போடணும்" என்றார் மில்லுக்கார அம்மாள். "நீ எனக்கு மக மொறைதான."

"அப்ப எனக்கு?" என்று நடுவில் இருந்து இன்னொரு குரல்.

அவள் மாமாவின் கையில் ஊசிக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்தாள். நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாரு எழவுக்கும் நான் வர மாட்டேன்" என்றாள். "மூணு கிலோ ஏத்திக்கிட்டு வந்து படுத்துருக்கீக மாமா. தண்ணியக் கொறைக்கத் துப்பில்ல, எழவுக்கு ஆள் சேக்கீகளோ? வியாழக்கெழம வருவீகல்லா? வெயிட் மெஷின்கிட்ட நான்தான் நிப்பேன். ஒரு கிலோவுக்கு மேல ஏறியிருந்துச்சு, பாத்துக்கிடுங்க."

"சரிட்டி, சரிட்டி" என்றார் மாமா.

அந்த வியாழனுக்கு முந்தின நாள் புதன்கிழமைதான் அவளுக்குக் கடைசி நாள் என்பது அந்த அறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் பக்கத்து மெஷினில் ஏதோ பட்டனைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன்.